கலிஃபோர்னியா மின்சாரத்தைச் சந்தையிடம் விட்டது ஏன் தோற்றது?

போட்டி வந்தால் விலை இறங்கும் என்று 1996-ல் சட்டம் போட்டார்கள். 1998-ல் மின்சாரச் சந்தை திறந்தது. ஆனால் மின்சாரம் அரிசி மூட்டை இல்லையே, கிடங்கில் அடுக்கி வைக்க. தேவை உச்சத்தில் இருக்கும்போது ஓரிரு நிலையங்களை நிறுத்தினாலே விலை எகிறிவிடும். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் வியாபாரிகள் இதைத்தான் செய்தார்கள். 2001 ஜனவரியில் மாநிலத்தின் வடபகுதி மின்வெட்டில் தவித்தபோது, 'ஏதாவது காரணம் சொல்லி நிறுத்துங்கள்' என்கிற தொனியில் அவர்களில் ஒருவர் ஒரு மின்நிலையத்துக்கு போன் போட்டது ஒலிப்பதிவாகப் பின்னாளில் வெளிவந்தது. சந்தையை ஏய்க்க அவர்கள் வைத்திருந்த உத்திகளுக்கு 'ஃபேட் பாய்', 'டெத் ஸ்டார்' என்று செல்லப்பெயர் வேறு!

மக்கள் கட்டும் சில்லறை விலைக்கு அரசு வரம்பு வைத்ததால்தான் தோற்றது என்பார்கள். சரி, அதில் பாதி உண்மை. ஆனால் அதே மாநிலத்தின் சான் டியேகோ நகரில் அந்த வரம்பையும் எடுத்துப் பார்த்தார்களே. 2000 கோடையில் வீட்டு பில் இரட்டிப்பானது.