நெருப்புக்குழம்புக் கடல் இல்லை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிக் கண்காட்சிக்கு ஹவாய்த் தீவுகளின் மாதிரி செய்கிறாள். தீவுகள் ஏன் வரிசையாக இருக்கின்றன என்று கேட்டாள். பூமிக்கடியில் நெருப்புக்குழம்புக் கடல் இருக்கிறது, மேலோட்டில் விரிசல் விழுந்த இடத்திலெல்லாம் பொங்குகிறது என்றேன். சரிதானா? அந்தமானின் பேரன் தீவும் இதே வகையா? லட்சத்தீவும் எரிமலைமேல்தான் இருக்கிறதாமே, ஆபத்து உண்டா?

வாசகர், வேளச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

மகளுக்கு என் வாழ்த்து. 1963இல் கனடாவின் புவியியலாளர் டூசோ வில்சன் விடை சொன்னதும் இதே கேள்விக்குத்தான். சூடான இடம், அதாவது ஆழத்திலிருந்து சூடான பாறை மேலேறும் இடம், ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. அதன்மேல் பசிபிக் தட்டு, அதாவது பசிபிக் கடலைச் சுமக்கும் பெரும் பாறைப் பலகை, வடமேற்கே நகர்கிறது. நகர்ந்துபோன மலைக்குக் குழம்பு வரத்து நின்றுவிடும், பின்னால் புதிய மலை எழும். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயின் வயது ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டு, சூடான இடத்தின்மேல் இன்றுள்ள கிலவேயா எரிமலையிலிருந்து தூரம் சுமார் 500 கிலோமீட்டர். அவளையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர்.

ஆனால் அந்த நெருப்புக்குழம்புக் கடல்! கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளையிடம் இதையா சொல்வது? மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை உள்ள அடுக்கான கவசம் திடப் பாறை. நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் திரவத்தில் செல்லாது. கவசத்தில் தாராளமாகச் செல்கின்றன, அதற்கும் கீழே உள்ள திரவப் புறக்கருவத்தில்தான் நின்றுவிடுகின்றன. இதைவிட என்ன சான்று வேண்டும்?

கவசத்தின் சூட்டில் பாறை திடமாக இருந்தபடியே மெல்ல மேலேறும். ஏற ஏற அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் உருகுநிலையும் இறங்கும். குக்கரை அணைத்த கையோடு ஆவியை விட்டால், அடுப்பில் தீ இல்லாமலேயே உள்ளே தண்ணீர் கொதிக்கிறதே, அதே கணக்கு. யாரும் சூடேற்றி உருக்கவில்லை. மேலே அழுத்திய பாரம் குறைந்ததால் உருகுகிறது. அதுவும் முழுப் பாறை அல்ல, பத்தில் ஒரு பங்கு, சற்றுக் கூடக்குறைய. படிகங்களின் இடுக்கில் ஊறும் குழம்பு திரண்டு மேலே வந்து பசால்ட் என்னும் கரிய எரிமலைப் பாறையாகக் கொட்டுகிறது. மிச்சம் திடமாகவே கீழே தங்கிவிடுகிறது. விரிசல் வழி விடும், அவ்வளவுதான். குழம்பை உண்டாக்குவது அதுவல்ல. மேலே தட்டு தடித்திருந்தால் பாறை அதிகம் ஏற முடியாது, உருகுவதும் குறைந்துவிடும்.

பேரன் தீவு வேறு வகை. அங்கே ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் செருகுகிறது. செருகும் தட்டிலிருந்து கசியும் நீர்தான் உருகுநிலையை இறக்குகிறது. லட்சத்தீவு பழைய எரிமலைப் பாறைமேல்தான் இருக்கிறது, ஆனால் அஞ்ச வேண்டாம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பசால்ட்டைக் கொட்டிய சூடான இடம்தான் அதையும் உண்டாக்கியது; அது இன்று தொலைவில், இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது.

மாதிரியில் கீழே சிவப்புத் தண்ணீர் வேண்டாம், களிமண் வையுங்கள். அதில் எழும் தூணின் உச்சியில், தட்டை ஒட்டி மட்டும், சிவப்புப் புள்ளிகள் போதும். தீவுகள் எல்லாம் ஒரே அட்டையில் இருக்கட்டும். இழுத்தால் சேர்ந்து நகர வேண்டும். தென்கிழக்கே, கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கீழே உச்சி உள்ள, முன்பு லோயிஹி எனப்பட்ட காமஎஹுவாகனலோவா எரிமலையை விட்டுவிடாதீர்கள்.