பூனை படம் போட்டவர் சொன்ன ட்ரெய்னிங்க நம்பலாமா?

வணக்கம் அண்ணா,

ஓட்டம் பத்தி நீங்க எழுதறத ரெண்டு வருஷமா படிக்கறேன். எனக்கு 43 வயசு, வேளச்சேரி, ஐடி வேலை. 10 கி.மீ. 58 நிமிஷத்துல முடிப்பேன். ஜனவரில சென்னை மாரத்தான்ல 21 கி.மீ.க்கு ரிஜிஸ்டர் பண்ணியாச்சு. வாரத்துல 5 நாள், மொத்தம் ஒரு 4 மணி நேரம் ஓடறேன். நெட்ல ஒருத்தர், பேர் கிடையாது, ஒரு பூனை படம் தான், "வாரத்துக்கு 3 நாள் த்ரெஷோல்டுக்கு, அதாவது தாண்டினா சீக்கிரம் களைச்சு போற எல்லை வேகத்துக்கு, கொஞ்சம் கீழ ஓடு, மத்த நாளெல்லாம் ஈஸி, இதுவே போதும்"னு எழுதறார். ஆறு வாரமா அதத்தான் பண்றேன், டைமும் குறையுது. ஆனா எங்க குரூப் சீனியர் ஒருத்தர் "பேர சொல்லவே தைரியம் இல்லாதவன் பேச்ச கேட்டு கால உடைச்சுக்காத, வாரத்துக்கு 10 சதவீதம் ஏத்து, அதான் சயின்ஸ்"னு திட்டறார். இதுக்கு நடுவுல பத்து நாளா இடது கால்ல, கணுக்காலுக்கு ஒரு சாண் மேல, உள்பக்க எலும்புல வலி. நெட்ல கேட்டேன், வேற ஒரு முகம் தெரியாத ஆள் "ஷின் ஸ்ப்ளின்ட்ஸ், அதாவது ஓடறவங்களுக்கு கால் எலும்பு ஓரமா வர்ற வலி தான், ஓட ஓட சரியாயிடும்"ங்கறார். யார நம்பறது? பேர் போட வேண்டாம், எங்க ஆபீஸ்ல உங்க சைட்ட படிக்கறவங்க இருக்காங்க.

*

பேர் போடாத நண்பருக்கு,

பேர் சொல்லாதவங்கள நம்பலாமான்னு பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டு கேக்கறீங்க பாத்தீங்களா, அங்கயே பாதி பதில் இருக்கு. ஆபீஸ் பயம் உங்களுக்கு இருக்கற மாதிரி அந்த பூனை படத்துக்கும் ஏதோ ஒண்ணு இருக்கும், விடுங்க.

முதல்ல கால பாப்போம், மத்ததெல்லாம் அப்புறம். வலிக்கற எலும்பு ஓரமா மேலேர்ந்து கீழ ஒரே ஒரு விரல வெச்சு அமுக்கிட்டே வாங்க. நாலு விரல் அகலத்துக்கு மேல பரவலா நோகுதுன்னா ஷின் ஸ்ப்ளின்ட்ஸா இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே புள்ளில, அதுவும் தொட்டா பல்ல கடிக்கற மாதிரி வலிச்சா, இல்ல ராத்திரி சும்மா படுத்திருக்கும்போது வலிச்சா, அது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரா இருக்கலாம், எலும்புல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். எப்படி இருந்தாலும் இந்த வாரமே ஒரு ஆர்த்தோ டாக்டர பாருங்க, அதுவரைக்கும் ஓடாதீங்க. எக்ஸ்ரே எடுத்து ஒண்ணும் இல்லன்னு சொன்னா அதோட திரும்பி வந்துடாதீங்க, முதல் ரெண்டு மூணு வாரம் இது எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐல தான் தெரியும், அத வாய விட்டு கேளுங்க.

இவ்ளோ விவரமா சொல்றேனேன்னு பாக்காதீங்க, பட்ட அறிவு. 2017ல நான் மாசம் 3000 ரூபா கட்டி ஒரு கோச்கிட்ட ட்ரெய்னிங் எடுத்தேன். அவருக்கு பேர் இருந்துச்சு, சர்டிஃபிகேட் இருந்துச்சு, கழுத்து நிறைய மெடலோட போட்டோ இருந்துச்சு. எனக்கு அனுப்பின அதே பிடிஎஃப்ப தான் 22 வயசு காலேஜ் பையனுக்கும் அனுப்பியிருக்கார்னு பின்னாடி தான் தெரிஞ்சுது. வாரத்துக்கு 35 கி.மீ. ஓடிட்டு இருந்தவன ஒண்ணரை மாசத்துல 60க்கு கொண்டு போனார், இதே இடத்துல வலி வந்துச்சு, கேட்டா "மைண்ட் கேம் சார், புஷ் பண்ணுங்க"ன்னார். நானும் புஷ் பண்ணேன். அப்ப நெட்ல புலம்பினதுக்கு பதில் போட்டது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு தெரியாது, ஆம்பளையா பொம்பளையா எந்த ஊருன்னு கூட தெரியாது, ஆனா அந்த ஆள் எனக்கு ஆறுதலும் சொல்லல, தீர்ப்பும் சொல்லல, வரிசையா கேள்வி கேட்டார். எத்தன வாரத்துல எவ்வளவு ஏத்தினீங்க, வலி காலைல எந்திரிக்கும்போது இருக்கா, விரல் வெச்சா ஒரு புள்ளியா இல்ல ஒரு கோடா. அந்த விரல் டெஸ்ட் அவர் குடுத்தது தான். டாக்டர்கிட்ட போனேன், விரிசல். எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. காசு வாங்கினவர் ஒரு கேள்வி கேட்டிருந்தா அது நாலு வாரத்தோட போயிருக்கும்னு இன்னைக்கும் எனக்கு ஒரு கடுப்பு உண்டு.

அதனால உங்க கால பாக்காமலே, ஒரு கேள்வி கூட கேக்காமலே "ஓட ஓட சரியாயிடும்"னாரே, அந்த ஆள நம்பாதீங்க. அவர் ஆதார் கார்டோட வந்து சொன்னாலும் நம்பாதீங்க.

இப்ப பூனை படம். நீங்க சொல்றத வெச்சு பாத்தா அவர் சொந்தமா எதயும் கண்டுபிடிக்கல, 'நார்வேஜியன் சிங்கிள்ஸ்'னு ஓட்டக்காரங்க சொல்ற முறைய தான் சொல்லியிருக்கார். இதோட கதையே உங்க கேள்விக்கு ஒரு நல்ல பதில். நார்வேல மரியஸ் பாக்கன்னு ஒரு 5000 மீட்டர் ஓட்டக்காரர், டாக்டரும் கூட, 13 நிமிஷம் 6 செகண்ட்ல ஓடினவர். ஓடும்போது விரல்லயோ காதுலயோ குத்தி ரத்தத்துல லாக்டேட், அதாவது வேகம் ஏற ஏற ரத்தத்துல கூடற ஒரு பொருள், எவ்வளவுன்னு அளந்து பாத்து, த்ரெஷோல்ட தாண்டாம அதுக்கு கொஞ்சம் கீழயே நிறைய நேரம் ஓடறதுன்னு ஒரு முறைய செதுக்கினார். அதே வழில வந்த யாக்கோப் இங்கபிரிக்ட்சன் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 1500 மீட்டர்ல தங்கம், பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 5000 மீட்டர்ல தங்கம். ஆனா அவங்க ஒரே நாள்ல காலை ஒரு செஷன், சாயங்காலம் ஒரு செஷன்னு பண்றவங்க, நமக்கு அது ஆகாது. இத வேலைக்கு போற ஆளுக்கு ஏத்த மாதிரி ஒரு நாளைக்கு ஒரே ஓட்டமா மாத்தினது 'சர்பாக்'ங்கற புனைபெயர்ல எழுதின ஒரு இங்கிலாந்துக்காரர், முன்னாடி சைக்கிள் ரேஸ் ஓட்டினவர். கோச் கிடையாது, சர்டிஃபிகேட் கிடையாது. 3 நிமிஷம் 10 தடவ, இல்ல 6 நிமிஷம் 5 தடவ, இல்ல 10 நிமிஷம் 3 தடவ, நடுவுல ஒரு நிமிஷம் தான் ரெஸ்ட், மத்த நாளெல்லாம் ரொம்ப மெதுவா. எழுதினதோட நிறுத்தாம தன்னோட ஓட்டத்தையெல்லாம் யாரு வேணா பாக்கற மாதிரி திறந்து வெச்சார், ஊர்ல உள்ளவங்க எல்லாம் வந்து ஓட்டை தேடினாங்க, அவர் பாட்டுக்கு வேகமாயிட்டே போய் 2025 லண்டன் மாரத்தான 2 மணி 24 நிமிஷத்துல முடிச்சார். பேர் தெரியாம இருந்த காலத்துலயும் அவர் கணக்கு நோட்டு திறந்தே தான் இருந்துச்சு. என் கோச்சுக்கு பேர் இருந்துச்சு, கணக்கு நோட்ட ஒரு நாளும் கண்ணுல காட்டல.

இது புதுசும் இல்ல. நியூசிலாந்துல ஆர்தர் லிடியார்ட் செருப்பு ஃபாக்டரில வேலை பாத்தவர். வாரத்துக்கு எவ்வளவு ஓடினா உடம்பு தாங்கும்னு வருஷக்கணக்கா தன் கால்லயே ஓடி பாத்து, அப்புறம் தான் தன் ஏரியா பசங்களுக்கு சொல்லி குடுத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல ஒரே நாள்ல அவர்கிட்ட கத்துகிட்ட பீட்டர் ஸ்னெல் 800லயும் முர்ரே ஹால்பர்க் 5000லயும் தங்கம் வாங்கினாங்க. லிடியார்ட்கிட்டயும் யாராவது சர்டிஃபிகேட் கேட்டிருந்தா காட்ட ஒண்ணும் இருந்திருக்காது.

ஆனா ஒண்ணு. சர்பாக் வாரத்துக்கு ஏறக்குறைய 7 மணி நேரம் ஓடறவர். அதுல மூணு செஷனும் சேந்து கஷ்டமான நேரம் ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள, அதாவது அஞ்சுல ஒரு பங்கு. நீங்க 4 மணி நேரம் ஓடறீங்க. அதே மூணு செஷன அப்படியே எடுத்து போட்டா உங்க வாரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல கஷ்டமாயிடுது, எலும்பு கத்தறதுல என்ன ஆச்சரியம். இத பூனை படம் உங்களுக்கு சொன்னாரான்னு தெரியல, நீங்க 4 மணி நேரம் தான் ஓடறீங்கன்னு அவர்கிட்ட சொன்னீங்களான்னும் தெரியல. கால் ஆறினப்புறம் மறுபடி ஆரம்பிச்சா மூணு நாள ரெண்டாக்குங்க, இல்ல ரெப், அதாவது ஒரு செஷன்ல எத்தன தடவ ஓடறீங்களோ அந்த எண்ணிக்கைய பாதியாக்குங்க.

அப்புறம் இந்த வெயில். இந்த முறை எல்லாம் எழுதறவங்க ஊர்ல காலைல ஓட போனா வாய்லேர்ந்து புகை வரும். நமக்கு ஜூலைல அஞ்சு மணிக்கே பனியன பிழிஞ்சா ஒரு டம்ளர் தேறும். காத்துல ஈரம் அதிகமா இருந்தா வேர்வை காயாது, காயாட்டி உடம்பு சூடு இறங்காது, ரத்தத்துல ஒரு பங்கு தோல் பக்கம் போயிடும், அதே வேகத்துக்கு இதயம் கூட அடிக்கும். உங்க 58 நிமிஷத்துக்கு கணக்கு போட்டா 6 நிமிஷ ரெப் எல்லாம் கி.மீ.க்கு 6:05 பக்கம் வரும், ஆனா அத பெசன்ட் நகர்ல புழுக்கத்துல ஓடினா த்ரெஷோல்டுக்கு கீழன்னு நினைச்சுகிட்டு மேல ஓடிட்டு இருப்பீங்க. நான் மார்ச்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் 20, 25 செகண்ட் கூட்டிக்குவேன், அதுக்கும் மேல மூச்ச பாப்பேன். ஒரு வாக்கியத்த ரெண்டா மூணா உடைச்சாவது பேச முடியணும். ஈஸி ஓட்டம்னா பக்கத்துல ஓடறவர்கிட்ட மாமியார பத்தி முழுசா புகார் சொல்ல முடியணும்.

உங்க சீனியர நான் குறை சொல்லல, அக்கறைல தான் சொல்றார். ஆனா 10 சதவீதம் தான் சயின்ஸ்ங்கறாரே, அத உண்மையிலேயே டெஸ்ட் பண்ணி பாத்திருக்காங்க. நெதர்லாந்து குரோனிங்கன்ல புதுசா ஓட வந்த 532 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு 10 சதவீத விதிப்படி 13 வாரம், இன்னொண்ணுக்கு வேகமா ஏத்தி 8 வாரம். 2008ல ரிசல்ட் வந்துச்சு, அடிபட்டவங்க ஒரு பக்கம் 20.8 சதவீதம், இன்னொரு பக்கம் 20.3. உடனே டபுளாக்கலாம்னு கிளம்பிடாதீங்க, அவங்க ஓடினதே கொஞ்சம் தான். நான் சொல்றது, அந்த விதிய முதல்ல யார் சொன்னாங்கன்னு உங்க சீனியர கேளுங்க, அவருக்கும் பேர் தெரியாம இருக்கலாம். யார் சொன்னதுன்னு தெரியாமலே தான் நிறைய பேர் அத சொல்றாங்க, பழசாயிட்டதால மரியாதையா இருக்கு.

பெரிய பேர் போட்டு வந்த தப்ப கேக்கறீங்களா? தண்ணி விஷயம். 1996ல அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின், அதுக்கு மேல ஒரு முத்திரை கிடையாது, ஓடும்போது வேர்வைல போற அளவுக்கு, இல்ல வயிறு தாங்கற அளவுக்கு குடிங்கன்னு சொல்லுச்சு. ஊரெல்லாம் அத பிடிச்சுகிட்டு தாகம் எடுக்காட்டியும் வழில தண்ணி குடுக்கற ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குடிச்சாங்க. 2002 பாஸ்டன் மாரத்தான்ல 28 வயசு பொண்ணு ஒருத்தங்க ரத்தத்துல சோடியம் இறங்கி செத்தே போனாங்க. அதே ரேஸ்ல 488 பேர் ரத்தத்த எடுத்து பாத்ததுல 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைவு, மூணு பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவு. ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தவங்களுக்கு தான் ஆபத்து அதிகம், ஓடி எடை கூடுதுன்னா எவ்வளவு குடிச்சிருக்கணும் பாருங்க. தாகம் எடுத்தா குடி, அது எங்க பாட்டிக்கே தெரியும்.

நீங்க நெட்ல படிக்கும்போது இன்னொண்ணும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பூனை படத்துக்கு கீழ "எனக்கும் டைம் குறைஞ்சுது"ன்னு இருபது பேர் எழுதியிருப்பாங்க, கால் உடைஞ்சவன் அங்க வந்து எழுத மாட்டான், அவன் கட்டு போட்டுகிட்டு சீரியல் பாத்துட்டு இருப்பான். பத்து நாளா வலிய வெச்சுகிட்டு நீங்க "டைமும் குறையுது"ன்னு தான் முதல்ல எழுதியிருக்கீங்க, வலி அதுக்கப்புறம் தான் வருது.

விரிசல்னு வந்தா ஜனவரி போச்சு, அத இப்பவே மனசுல ஏத்திக்கோங்க, ரிஜிஸ்ட்ரேஷன் காசு போனா போகுது. ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் தான்னா டாக்டர் சம்மதிச்சா பத்து நாள் சைக்கிளோ நீச்சலோ பண்ணிட்டு மெதுவா ஆரம்பிக்கலாம். ஷூ எத்தன கி.மீ. ஓடியிருக்குன்னு பாருங்க, அத நீங்க எழுதவே இல்ல. எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்ததும் ரெண்டு வரி போடுங்க. பேர் வேண்டாம்.