பாட்டரி சேமிப்போடு 100 மெகாவாட் சோலார் பண்ணை அமைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

சப்ஸ்டேஷனிலிருந்து தொடங்குங்கள். முதலில் நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம் லைனைத் தேடி அலைகிறவர்கள்தான் அதிகம். சோலார் திட்ட வடிவமைப்பில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது ஆபத்தான வரிசை. பக்கத்திலேயே சப்ஸ்டேஷன் இருந்தாலும் உங்கள் மின்சாரத்தை ஏற்க அதில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கமுதியில் 648 மெகாவாட் சோலார் சுமார் எட்டே மாதத்தில் எழுந்து 2016-இல் ஓடத் தொடங்கியது. பேனல் நடுவது அவ்வளவு வேகமான வேலை. டவர் லைன் போகிற வழியில் ஒவ்வொரு பட்டாதாரரிடமும் பேசி முடிப்பதில் அந்த வேகம் கிடையாது.

அடுத்தது, பாட்டரி எத்தனை மணி நேரத்துக்கு வேண்டும் என்பது. நீங்கள் கேட்ட அதே அளவில் ஓர் உதாரணம் இருக்கிறது. சத்தீஸ்கரின் ராஜ்நந்த்காவ் பகுதியில் சூரிய ஆற்றல் கழகமான செக்கி அமைத்த ஆலை 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சோலார் 100 மெகாவாட், பாட்டரி 40 மெகாவாட், 120 மெகாவாட்மணி. அதாவது மாலை உச்ச நேரத்தில் 40 மெகாவாட் வீதம் மூன்று மணி நேரம் தரலாம். மின்சாரம் வெளிவரும் வேகம் மெகாவாட், மொத்தக் கொள்ளளவு மெகாவாட்மணி; பாட்டரி வாங்கும்போது இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாகக் கேளுங்கள். வெறும் "40 மெகாவாட் பாட்டரி" என்றால் அது அரை மணியில் காலியாவதா, நான்கு மணி நேரம் தாங்குவதா என்று தெரியாது.

அந்த ஆலையில் எனக்கு மிகவும் பிடித்தது பேனல் அளவுதான். லைனுக்கு 100 மெகாவாட் அனுப்பும் ஆலைக்கு 150 மெகாவாட்டுக்கும் அதிகமாகப் பேனல் போட்டிருக்கிறார்கள். பாட்டரி இல்லாத ஆலையில் இவ்வளவு போட்டால் நண்பகலில் லைன் தாங்குகிற அளவுக்கு மேல் வருவதை வெட்டிவிட வேண்டியதுதான். பாட்டரி இருந்தால் அந்த உபரி அதற்குள் போகும். போட்டதெல்லாம் திரும்பி வராது என்பதையும் கணக்கில் சேருங்கள். போய்த் திரும்பும் இழப்பு சுமார் 15 சதவீதம் என்று வைத்தால், 120 மெகாவாட்மணி வெளியே எடுக்க 140 வரை உள்ளே போக வேண்டும். பாட்டரிகளை அடுக்கிய கன்டெய்னர்களைக் குளிர்விக்கும் மின்சாரம் இதற்கு மேல். நம் ஊர் கோடையில் அது சின்னச் செலவு கிடையாது.

விலையைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். இரண்டு மணி நேரப் பாட்டரிக்கு மெகாவாட்டுக்கு மாத வாடகை 2022 டெண்டரில் 10.84 லட்சம் ரூபாய். 2024 மார்ச்சில் குஜராத் டெண்டரில் அது 4.49 லட்சமாக இறங்கியது.

நிலம் மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் தேவை. கூட்டுப் பட்டா, வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்ப்பார். மழைநீர் எந்த வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பதை மட்டும் தயவுசெய்து நீங்களே நடந்து போய்ப் பாருங்கள், ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். ஓடையை மேவி பேனல் நட்டால் கீழே இருக்கிற வயல்காரர் வருடா வருடம் கஷ்டப்படுவார். ஆடு மேய்த்தவர்களுக்கு மாற்று வழியையும் வேலி போடும் முன்பே பேசி முடிக்க வேண்டும்.

தீ விஷயத்தில் சிக்கனம் கூடவே கூடாது. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லாண்டிங்கில் ஒரே கட்டடத்துக்குள் அடுக்கியிருந்த பாட்டரிகள் எரிந்து, சுற்றியிருந்த மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. அவை நிக்கல் கலந்த வகை. இப்போது பெரும்பாலும் வாங்கப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் அதைவிடச் சூடு தாங்கும். ஆனாலும் தனித்தனிக் கன்டெய்னராக, ஒன்றில் பிடித்தது அடுத்ததற்குப் பரவாத இடைவெளியோடு வையுங்கள்.

பாட்டரியின் கொள்ளளவு வருடா வருடம் கொஞ்சம் குறையும். மின்சாரம் விற்கும் ஒப்பந்தமோ 25 வருடம் வரை போகலாம். அதனால் பின்னால் சேர்க்கப்போகும் கன்டெய்னர்களுக்கு இப்போதே அடித்தளமும் கேபிள் பாதையும் போட்டு, இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள்.