பழுப்பாகிப்போன ஜன்னல்

கேள்வி: கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஓவியம் எடுக்கிறேன். வகுப்புக்கு 35 பிள்ளைகள். வாரத்துக்கு ஒரே பீரியட், 40 நிமிடம். வேதபாடத்தோடு சேர்ந்து போகும்படி ஏதாவது செய்யச் சொல்கிறார்கள். ஜெராக்ஸ் படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னால் பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறது. டிஷ்யூ பேப்பர் ஒட்டி தேவாலய ஜன்னல் செய்ய வைத்தேன். எல்லாம் பழுப்பாகி, அட்டையும் சுருண்டுவிட்டது. வேறு என்ன செய்யலாம்?

பதில்: வேறு தேட வேண்டாம் டீச்சர். அந்த ஜன்னலையே இன்னொரு முறை செய்து பாருங்கள், பசை இல்லாமல்.

அட்டை சுருண்டதற்கும் நிறம் கெட்டதற்கும் காரணம் பசையில் இருந்த தண்ணீர்தான். ஈரம் பட்ட பக்கம் மட்டும் காகிதம் விரிந்தால் அது வளையத்தான் செய்யும். டிஷ்யூ பேப்பரின் சாயமும் ஈரத்தில் கரைந்து ஓடும். சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும், மஞ்சளும் ஊதாவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் பழுப்புதான் மிஞ்சும். புத்தகத்துக்கு அட்டை போடுகிற, ஒரு பக்கம் ஒட்டும் தன்மையுள்ள கண்ணாடி பிளாஸ்டிக் தாள் இருக்கிறதே, அது போதும். காய வைக்கும் வேலையும் மிச்சம்.

முதல் வாரம் வரைவதற்கு மட்டும். ஏ4 தாளில் தடித்த மார்க்கரால் பிள்ளைகளே வரையட்டும், நீங்கள் அச்சுப் படம் கொடுக்காதீர்கள். ஒலிவ இலையோடு திரும்பும் நோவாவின் புறா, ஐந்து அப்பமும் இரண்டு மீனும், திராட்சைக்கொடி எல்லாம் சின்னக் கைகளுக்கு வரும். ஆதிக் கிறிஸ்தவர்கள் ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் வரைந்த மீன் வடிவம் இரண்டே வளைகோட்டில் முடிந்துவிடும். இயேசுவின் முகத்தை வரையலாமா என்பதில் சபைக்குச் சபை கருத்து மாறும் என்பதால், பள்ளியில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை: கோடுகள் எல்லாம் இன்னொரு கோட்டையோ தாளின் ஓரத்தையோ போய்த் தொட வேண்டும். உண்மையான ஜன்னலில் கண்ணாடித் துண்டுகளைப் பிடித்து நிறுத்துவது ஈயப் பட்டை. அது பாதியில் நின்றால் கண்ணாடி விழுந்துவிடும். பாரிஸில் 1248-இல் அர்ப்பணிக்கப்பட்ட சேன்ட் ஷப்பெல் ஆலயத்தின் ஜன்னல் படத்தைக் காட்டி, தடித்த கறுப்புக் கோடு எங்கே போய் முடிகிறது என்று விரலால் தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படாது.

அடுத்த வாரத்துக்கு நீங்கள் முன்கூட்டி வெட்ட வேண்டியவை: ஆளுக்கு 20×28 செ.மீ. பிளாஸ்டிக் தாள் இரண்டு, 1 செ.மீ. அகலக் கறுப்புக் காகிதப் பட்டைகள், 3 செ.மீ. டிஷ்யூ சதுரங்கள் 65. சதுரங்களுக்கு வகுப்பு முழுமைக்கும் 50×70 செ.மீ. டிஷ்யூ தாள் ஏழு வேண்டும். 1, 2-ஆம் வகுப்புகளுக்குப் படத்தின் அளவையும் பிளாஸ்டிக் தாளின் அளவையும் சதுரங்களின் எண்ணிக்கையையும் பாதியாக்குங்கள். இல்லையென்றால் நேரத்துக்குள் முடியாது.

வரைந்த தாளை மேசையில் வைத்து, அதன் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டும் பக்கம் மேலே வரும்படி வையுங்கள். ஒட்டும் பக்கத்தை மூடியிருக்கும் பின்தாளை முழுவதும் உரித்தால் பிளாஸ்டிக் சுருண்டு தன்மீதே ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. மேல் ஓரத்தில் 2 செ.மீ. மட்டும் உரித்து, டேப்பால் மேசையோடு ஒட்டிவிட்டு, மீதியை மெல்லக் கீழே இழுத்து, கீழ் ஓரத்துக்கும் டேப் போடுங்கள். இனி கோடுகளின் மேல் கறுப்புப் பட்டை. வளைவுகளுக்குச் சிறு துண்டுகளாக வெட்டி அடுத்தடுத்து வைக்கலாம். பிறகு டிஷ்யூ. பக்கத்துப் பக்கத்து நிறங்களை மட்டும் ஏற்றுங்கள்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஒரு கூட்டம், நீலம், பச்சை ஒரு கூட்டம்.

தவறு நேரும் இடம் இதுதான். டிஷ்யூ பட்டையைத் தொட்டும் தொடாமலும் நின்றால், ஜன்னலில் பிடித்துப் பார்க்கும்போது அந்த நூலளவு இடைவெளியில் வெள்ளை வெளிச்சம் பளீரென்று அடிக்கும். கண் அங்கேயே போகும், பக்கத்திலிருக்கும் நீலம் செத்துப்போகும். ஆகவே டிஷ்யூ ஓரம் பட்டையின் மேல் 3 மி.மீ. ஏறியே ஆக வேண்டும். நாலு ஓரத்திலும் 1 செ.மீ. காலியாக விடுங்கள். இரண்டாவது பிளாஸ்டிக் தாள் அந்த இடத்தில்தான் கெட்டியாகப் பிடிக்கும். மூடும்போது ஒருவர் தாளைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் ஸ்கேலால் ஒரு முனையிலிருந்து தேய்த்துக்கொண்டே வரட்டும். காற்றுக் குமிழி தங்காது.

பட்டை முன்னால் தெரியும் பக்கத்தில் படம் இடவலம் மாறியிருக்கும். வசனமோ பெயரோ எழுத ஆசைப்படும் பிள்ளைகளிடம் இதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். நேர் வெயில் விழும் ஜன்னலில் தொங்கவிட்டால் டிஷ்யூ சீக்கிரம் வெளுத்துவிடும்.

ஒரே பீரியடில் முடிய வேண்டிய நாளுக்கு மெழுகுக் கிரேயானில் இரவுக் காட்சி. தடித்த தாளில் மஞ்சள் கிரேயானால் பெத்லகேம் நட்சத்திரத்தை அழுத்தி வரைந்து, மேலே நீல வாட்டர் கலரைத் தண்ணீராகக் கரைத்து அகலத் தூரிகையால் ஓட்டினால், மெழுகு நீரைத் தள்ளிவிடும், நட்சத்திரம் எழுந்து வரும். வெள்ளைக் கிரேயான் வேண்டாம்; எங்கே வரைந்தோம் என்று பிள்ளைக்கே தெரியாது. நட்சத்திரம் மங்கினால் வண்ணம் கெட்டியாக இருந்திருக்கும், அல்லது கிரேயானை அழுத்தியிருக்க மாட்டார்கள்.