தம்பி பொறுப்பெடுத்த பக்கேஜை விடச் சொல்லாதேங்கோ

அக்கா, உங்கட மெசேஜ் வாசிச்சன். கம்பஸ்ல ரெண்டாம் வருசம் படிக்கிற பிள்ளை, ஆரோ எழுதிப்போட்டு கைவிட்ட சொஃப்ட்வெயார் பக்கேஜ் ஒண்டைத் தான் பாக்கப்போறன் எண்டு இரவிரவா லப்டொப்போட இருக்கிறார், ஒரு சதமும் வாறேல்ல, அவற்ற வயசுப் பெடியள் ஐஈஎல்டிஎஸ் கிளாசுக்கு ஓடுதுகள் எண்டு பயப்பிடுறியள். விளங்குது. எண்டாலும் உதை விடச் சொல்லிப்போடாதேங்கோ.

உலகம் முழுக்கப் பாவிக்கிற ஓப்பன் சோர்ஸ் (ஆரும் கோட்டைப் பாத்துத் திருத்தக்கூடிய) பக்கேஜுகள் கனக்க ஒராள் தன்ர ஓய்வு நேரத்தில பாத்துக்கொண்டு வாறதுதான். அவருக்கு வேலை மாறும், பிள்ளை பிறக்கும், களைச்சுப்போய் விட்டிடுவார். டெபியன் லினக்ஸ் எண்ட இலவச ஒப்பரேட்டிங் சிஸ்டத்தில உப்பிடிக் கைவிட்டதுகளுக்கெண்டே டபிள்யூஎன்பிபி எண்டு ஒரு பட்டியல் இருக்கு. 'ஓ' (ஓஃபன்ட், அதாவது அநாதை) எண்டு தொடங்கிற தலைப்போட பக் ரிப்போர்ட் (பிழை முறைப்பாடு) கிடந்தா ஆள் இல்லையெண்டு அர்த்தம், எடுக்க விரும்புறவர் அதை 'ஐடிஏ' (நான் எடுக்கப்போறன்) எண்டு மாத்தி, பக்கேஜின்ர விபரம் கிடக்கிற கன்ட்ரோல் ஃபைலில மெயின்டெய்னர் (பொறுப்பாப் பாக்கிறவர்) எண்ட வரியில தன்ர பேரைப் போட்டு, கிடக்கிற பக் ஒண்டிரண்டைத் திருத்தி பக்கேஜைத் திரும்பக் கட்டோணும். புது ஆள் நேர ஏத்தேலாது, டெபியன் டெவலப்பர் ஒராள் பாத்து, இது பிழை அது பிழை எண்டு திருப்பி அனுப்பி, சரிவந்தாப் பிறகுதான் ஏத்துவார். அந்தத் திருப்பி அனுப்புறதுதான் அக்கா படிப்பு. கம்பஸ் புரொஜெக்ட் மார்க்ஸ் வந்ததோட முடிஞ்சிடும், ஆனா கொம்பனியில முதல் கிழமை கையில தாறது வேறை ஆள் எழுதின பழைய கோட்தான், அதைக் குழப்பாமல் திருத்தத் தெரிஞ்ச பிள்ளையை இன்டர்வியூவில ரெண்டு கேள்வியில கண்டுபிடிச்சிடுவினம்.

தம்பிக்கு ஒண்டு கட்டாயம் சொல்லுங்கோ, முதல் ஈமெயிலிலயே உரிமை தாங்கோ எண்டு கேக்கப்படாது. ஃபைலைச் சுருக்கிற எக்ஸ்செட் (XZ) எண்ட பக்கேஜில களைச்சுப்போன மெயின்டெய்னருக்கு உதவுறன் எண்டு வந்த ஒராள், ரெண்டு வருசத்துக்கு மேல ஒழுங்கா வேலை செய்து நம்பிக்கையை வாங்கிப்போட்டு, களவா உள்ள போறதுக்கு வழி வைச்சிட்டார். 2024 மார்ச்சில ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் எண்ட எஞ்சினியர், தூரத்துக் கொம்பியூட்டருக்குள்ள போற எஸ்எஸ்ஹெச் லொகின் அரைச் செக்கன் பிந்துது ஏன் எண்டு கிண்டப்போய்த்தான் பிடிபட்டது. அதுக்குப் பிறகு புது ஆக்களைச் சந்தேகமாத்தான் பாப்பினம், அதைத் தம்பி மனசில எடுக்கக்கூடாது. முதல்ல மற்றவை போட்ட பக்கை தன்ர மெசினில செய்து பாத்து, ஓம் எனக்கும் வருது எண்டு எழுதட்டும், பிறகு சின்னப் பட்ச் (திருத்தின கோட் துண்டு), கேக்கிறதெல்லாம் அதுக்குப் பிறகு.

பைத்தன் மொழிப் பக்கேஜ் எண்டா, கைவிட்டதை ஆர் எடுக்கலாம் எண்டு சொல்லுற பெப் 541 விதியை வடிவா வாசிக்கச் சொல்லுங்கோ. 12 மாசமா ரிலீஸ் இல்லை எண்டது மட்டும் காணாது, பழைய ஓனரைத் தேடிப் பாத்தும் பதில் இல்லை எண்டு காட்டோணும், தான் பிரதியெடுத்து வைச்சிருக்கிற ஃபோர்க்கில என்ன திருத்தினவர் எண்டும் காட்டோணும், வேறை பேரில வெளியிட்டா ஏன் சரிவராது எண்டும் சொல்லோணும்.

காசு வருமோ எண்டு கேட்டனீங்கள். இதில நேர வராது, நான் பொய் சொல்லேல்லை. ஆனா ஓப்பன் சோர்ஸுக்குப் புதுசா வாற ஆக்களுக்கெண்டு நடத்திற கூகுள் சம்மர் ஒஃப் கோட்டில உதவித்தொகை குடுப்பினம், 18 வயசு தாண்டியிருந்தாச் சரி, மொரட்டுவப் பெடியள் எவ்வளவு பேர் உதில எடுபட்டவை, எங்கட பிள்ளையளுக்கு என்ன குறை? ஏற்கனவே பட்ச் அனுப்பிப் பழகின பிள்ளைக்கு அங்க விண்ணப்பம் எழுதுறது லேசு.

ஒரு பக்கேஜ் காணும், அதுவும் தான் பாவிக்கிறதா இருக்கோணும், ரெண்டாவதுக்கு ஆசைப்படவே வேண்டாம். சோதினை வரேக்க ஒரு மாசம் பதில் பிந்தும் எண்டு எழுதிப்போட்டு படிக்கட்டும், ஒருத்தரும் கோவிக்கமாட்டினம். தொடர்ந்து பாக்க ஏலாமப் போனாலும் சத்தமில்லாமல் விட்டிட்டுப் போகாமல் டெபியன் பட்டியலில 'ஆர்எஃப்ஏ' (ஆராவது பொறுப்பெடுங்கோ எண்ட வேண்டுகோள்) போட்டு அடுத்த ஆளைத் தேடி, எந்த பக் பாதியில நிக்குது எண்டு எழுதிக் குடுக்கட்டும்.