யாழ் தேவிப் பாதையைக் கணினியில் போடுவது: சில கேள்விகளும் பதில்களும்

ரயில் சிமுலேட்டரில், அதாவது கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டில், இலங்கையின் யாழ் தேவி ரயில் ஓடும் வடக்குப் பாதையைக் கட்ட முயல்பவர்கள் அடிக்கடி கேட்பவை இவை.

கொக்குவிலில் இருந்து: அண்ணை, யாழ்ப்பாணம்–காங்கேசன்துறை தண்டவாள வரைபடம் முழுதாக எங்கே கிடைக்கும்?

எல்லாம் ஒரே தாளில் இருக்கும் என்று தேடி நாளைக் கழிக்க வேண்டாம் தம்பி. முதலில், எந்த ஆண்டுப் பாதையைக் கட்டப் போகிறீர்? 1990இல் நின்றுபோன பாதை வேறு, இப்போது இருப்பது வேறு. போர்க்காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இந்தியாவின் இர்கோன் நிறுவனம் மறுபடி போட்ட பாதையில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் வந்தது. செய்மதிப் படத்தில் தெரிவது இந்தப் புதுப் பாதைதான். அதை யோசிக்காமல், எண்பதுகளின் யாழ் தேவிக்கு நான் வரிசையாக நிறவிளக்குச் சமிக்ஞைகளை நட்டு வைத்தேன். பெரியப்பா பார்த்துவிட்டு, "எங்கடை காலத்திலை கைகாட்டியெல்லோ நிண்டது!" என்றார். மூன்று மாத வேலை போயிற்று.

சுன்னாகத்தில் இருந்து: எனக்குப் புதுப் பாதைதான் வேண்டும். எதில் தொடங்க?

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில். பாதையின் நடுக்கோட்டை அங்கிருந்து இறக்கலாம். ஓபன்ரயில்வேமேப்பில் அதையே ரயில்பாதைக்கென்று தனியாகப் பார்க்கலாம். ஆனால் அதுவும் ஆர்வலர்கள் வரைந்ததுதான். நிலையங்களில் உள்ள கிளைப் பாதைகளைச் செய்மதிப் படத்தோடு ஒப்பிடுங்கள். மரநிழலில் மறைந்ததற்கு ஒரே வழி, டிக்கெட் எடுத்து யன்னலோரம் உட்கார்ந்து போவது. கடவை, மதகு, மேடையின் நீளம் எல்லாவற்றையும் வீடியோவில் பிடியுங்கள். நிலையத்துக்குள் இறங்கிப் படம் எடுப்பதென்றால் நிலைய அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சாவகச்சேரியில் இருந்து: பழைய பாதைக்கு என்ன வழி?

நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலத் தாள்கள். ஒரு மைல் ஓர் அங்குலமாக இருக்கும், அதாவது 1:63,360. பாதை எந்த ஊரை எப்படிச் சுற்றிப் போனது என்பது தெரியும். கிளைப் பாதையையும், ரயில் தடம் மாறும் பொயின்ற்றையும் அதில் எதிர்பார்க்க வேண்டாம். அவற்றுக்குப் பழைய படங்களும், அந்தக் காலத்தில் ரயில்வேயில் வேலை செய்தவர்களின் ஞாபகமும்தான். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து நிலையத்தைக் கீறிக் காட்டச் சொல்லுங்கள். வாயால் சொல்லும்போது விட்டுப்போவது கீறும்போது வந்துவிடும்.

பளையில் இருந்து: நிலத்தின் உயரத் தரவை ஏற்றினேன், பாதை அலை அலையாக வருகிறது. ஏன்?

எஸ்ஆர்டிஎம் தரவாக இருக்கும். 2000 பெப்ரவரியில் விண்கலத்தில் இருந்து ராடாரால் அளந்தது. ஏறத்தாழ 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. பனங்கூடலின் தலையும் வீட்டுக் கூரையும் கூட அதில் தரையோடு கலந்துவிடும். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையில் 3 மீற்றர் கூடினால் பத்துக்கு ஒன்று ஏற்றம். கடுகண்ணாவை மலையிலேயே ஏறத்தாழ 45க்கு ஒன்றுதான்! குடாநாடு தட்டையான நிலம். ஆகவே நிலையத்துக்கு நிலையம் ஓர் உயரத்தை முடிவு செய்து, இடையில் மெல்லிய சரிவாகப் பாதையைப் போட்டுவிட்டு, நிலத்தைப் பாதைக்கு ஏற்ப இழுங்கள். ஆனையிறவிலும் நாவற்குழியிலும் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அங்கே பாதை தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும், தரவு சில இடங்களில் அதைக் கடலுக்குள் இறக்கிவிடும்.

கோண்டாவிலில் இருந்து: வளைவின் ஆரையை எப்படி எடுப்பது?

செய்மதிப் படத்தில் வளைவின் மேல் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டின் நடுவில் இருந்து தண்டவாளம் எவ்வளவு விலகி நிற்கிறது என்று அளந்து பாருங்கள். கோட்டின் நீளத்தின் வர்க்கத்தை, விலகலின் எட்டு மடங்கால் பிரித்தால் ஆரை. 100 மீற்றர் கோட்டுக்கு 2.5 மீற்றர் விலகல் என்றால் 500 மீற்றர். கோடு குறுகினால் அளவைப் பிழை பெரிதாகும், நீளமாகவே எடுங்கள்.

மானிப்பாயில் இருந்து: நமது தண்டவாளம் அகலமானதாமே?

ஆம், இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மில்லிமீற்றர். சிமுலேட்டர்களோடு வரும் தண்டவாளம் பெரும்பாலும் 1,435. முதலில் அதிலேயே பாதையை முடியுங்கள், தோற்றத்தை அப்புறம் மாற்றலாம்.

சங்கானையில் இருந்து: கட்டியதை மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா?

ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்திருந்தால் அதன் பெயரைக் கட்டாயம் போட வேண்டும். அதோடு எந்த ஆண்டுப் பாதை என்றும் எழுதுங்கள், என் பெரியப்பாவைப் போல ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.