பாலருவிக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: ஆடிச் சாரலுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் வருகிறோம். அங்கே கூட்டம் நெரியும் என்பதால் ஒரு நாள் பாலருவிக்குப் போகலாம் என்று நினைக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. அவரால் குளிக்க முடியுமா?
- வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: தாராளமாக அழைத்து வாருங்கள், சகோதரி. செங்கோட்டைக்காரனான எனக்குக் கேரளத்துப் பாலருவி அயல் மாநிலம் என்று தோன்றியதே இல்லை. 1956 வரை எங்கள் ஊரும் மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது.

தென்காசியிலிருந்து புனலூர் போகும் பஸ்ஸில் ஏறினால், கோட்டைவாசலைத் தாண்டியதும் ஆரியங்காவு. அங்கே வனத்துறை வாயிலில் டிக்கெட் எடுத்தால் அவர்கள் வண்டியிலேயே காட்டுக்குள் சுமார் 4 கிலோமீட்டர் கொண்டுபோய் விடுவார்கள். அதற்கு மேல் நடைதான், படிகளும் உண்டு. அம்மாவுக்குக் கைத்தடியும் வழுக்காத செருப்பும் அவசியம். எண்ணெய், சோப்பு வேண்டவே வேண்டாம்.

சுமார் 300 அடி உயரத்திலிருந்து பால் கொட்டுவது போல விழும் அருவி அது. அம்மாவை நேர் அடியில் நிறுத்தாதீர்கள். ஓரத்தில், கணுக்கால் அளவுத் தண்ணீரில் உட்காரவைத்தால் சாரலே அவரை நனைத்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவை அப்படித்தான் உட்காரவைத்திருந்தேன். நல்ல வெயில். தண்ணீரில் முதலில் காய்ந்த இலைகள் மிதந்து வந்தன, பிறகு சுள்ளிகள். காவலர் விசில் ஊதி, "கேறி வா, கேறி வா" (மேலே ஏறி வா) என்று மலையாளத்தில் கத்தினார். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே" என்றார் அம்மா. கையைப் பிடித்து இழுத்துத்தான் மேலே ஏற்றினேன். அவர் சேலையைப் பிழிந்து முடிப்பதற்குள், நாங்கள் இருந்த பாறை கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) நிறத் தண்ணீருக்குள் போய்விட்டது. மழை பெய்தது எங்கள் தலைக்கு மேல் அல்ல, உச்சிக் காட்டில். வெயில் அடிக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். தண்ணீர் கலங்கினாலோ, சருகு வந்தாலோ, விசில் வரை காத்திருக்காமல் கரையேறிவிடுங்கள்.

நீர்வரத்து மிஞ்சினால் அருவியை அடைத்துவிடுவார்கள், அன்று காவலரிடம் மன்றாடாதீர்கள். ஆரியங்காவு ஐயப்பனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம். அந்தக் கோயிலுக்கும் சாலையிலிருந்து படி இறங்க வேண்டும், அம்மாவின் முழங்காலைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.